அருகிலுள்ள விண்மீனுக்குப் போய்ச் சேர எத்தனை ஆண்டு? ஒரு கேள்வி, ஒன்றோடொன்று ஒவ்வாத மூன்று விடைகள்

கோத்தகிரி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். சென்ற வாரம் மாணவர்களை உதகைக்கு அருகிலுள்ள முத்தோரைக்கு அழைத்துச் சென்று, மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியைக் காட்டினேன். நிலநடுக்கோட்டிலிருந்து உதகை எத்தனை பாகை வடக்கே இருக்கிறதோ, ஏறத்தாழ அதே பதினொரு பாகைச் சாய்வுள்ள சரிவைத் தேடிப் பிடித்து, பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய குழுவினரும் 1970இல் அதை நிறுவினார்கள். அதனால் தொலைநோக்கியின் நீளவாக்கு புவியின் சுழற்சி அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது என்றும், ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு வான்பொருளைப் பல மணி நேரம் பின்தொடர முடிகிறது என்றும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவி, திரும்பும் வழியில் பேருந்தில் இப்படிக் கேட்டாள்: "அவ்வளவு தூரத்திலிருந்து அலை வந்துவிடுகிறது டீச்சர், நாம் அங்கே போக எத்தனை நாள் ஆகும்?"

மறுநாள் வகுப்பில் கணக்குப் போட்டோம். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஒளி நொடிக்கு 2,99,792 கி.மீ. போகிறது, வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு ஏறத்தாழ 17 கி.மீ. போகிறது. ஆகவே ஒளி ஓராண்டில் கடப்பதை வாயேஜர் கடக்க 17,635 ஆண்டுகள் ஆகும். 4.24 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 75,000 ஆண்டுகள். இது வரை சிக்கல் இல்லை.

பிறகு ஒரு மாணவன், பார்க்கர் சூரிய ஆய்வுக் கலம் 2024 டிசம்பர் 24 அன்று மணிக்கு 6,92,000 கி.மீ. வேகத்தை எட்டியது என்று சொன்னான். அது நொடிக்கு 192 கி.மீ.; அந்த வேகத்தை வைத்தால் விடை 6,600 ஆண்டுகளாகக் குறைந்துவிடுகிறது. அதை நானும் சரி என்று கரும்பலகையில் எழுதிவிட்டேன். மூன்றாவதாக இன்னொருவன், வாயேஜர் 1 இன்னும் 40,000 ஆண்டுகளில் கிளீஸ் 445 என்ற விண்மீனின் அருகே கடந்து செல்லும் என்று படித்துவிட்டு வந்தான். ஆனால் அந்த விண்மீன் 17 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. 4 ஒளியாண்டு போக 75,000 ஆண்டு ஆகும் கலம், 17 ஒளியாண்டு போக 40,000 ஆண்டு மட்டும் எடுத்துக்கொள்வது எப்படி? எங்கள் முறைப்படி அதற்கு மூன்று லட்சம் ஆண்டுகள் வர வேண்டும். என் கணக்கில் எந்த இடத்தில் தவறு என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

குன்னூர் ரயில்வே (ஓய்வு)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். வானியல் நான் முறையாகப் படித்ததில்லை; மலை ரயிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். உங்கள் இரண்டாவது விடையில் மட்டும் எனக்கு ஒன்று தோன்றுகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கி.மீ. ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். அதே பாதையில் இறங்குவதற்கு மூன்றரை மணி நேரம். கல்லாறு முதல் குன்னூர் வரை பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம் உள்ள பல்சக்கரப் பாதை. அங்கே என்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். வழியில் எங்காவது ஓரிடத்தில் வண்டி ஓடும் அதிக வேகத்தை எடுத்து, அதனால் 46ஐ வகுத்துப் பயண நேரம் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். பார்க்கர் கலத்தின் 192 கி.மீ. எந்த இடத்து வேகம்? ஏறும்போது எடுத்ததா, இறங்கும்போது எடுத்ததா? அதைத் தெரிந்துகொள்ளாமல் வகுக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

கொடைக்கானல் வான்நோக்கி

ரயில்வே ஐயா கேட்டது மிகச் சரியான கேள்வி. பார்க்கரின் அந்த வேகம் இறக்கத்தின் அடிவாரத்தில் எடுத்தது. சூரியனின் ஈர்ப்பில் விழுந்து விழுந்து, அதன் மேற்பரப்பிலிருந்து 61 லட்சம் கி.மீ. வரை நெருங்கிய அந்த வேளையில்தான் நொடிக்கு 192 கி.மீ. வந்தது. அந்த இடத்திலிருந்து சூரியனை விட்டு ஒரேயடியாக விடுபட்டுப் போக வேண்டுமானால், நொடிக்கு ஏறத்தாழ 197 கி.மீ. தேவைப்படும். பார்க்கருக்கு ஐந்து கி.மீ. குறைகிறது. வெறும் ஐந்துதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் குறையினால் அது வெள்ளியின் பாதையை ஒட்டி வந்ததும் வேகம் இழந்து திரும்பி, மறுபடியும் சூரியனை நோக்கி விழுகிறது. ஒரு சுற்றுக்கு 88 நாட்கள். ஆகவே 6,600 ஆண்டுகள் என்ற விடையை முழுவதுமாக அழித்துவிடுங்கள். மனிதர் செய்தவற்றிலேயே மிக வேகமான பொருள் பிராக்சிமாவுக்கு ஒருபோதும் போகாது.

இனி கிளீஸ் 445. உங்கள் வகுத்தலில் ஒளிந்திருக்கும் அனுமானம், போய்ச் சேர வேண்டிய ஊர் அசையாமல் இருக்கும் என்பது. பழனிக்கும் கொடைக்கானலுக்கும் இடையே ஆகாயக் கோட்டில் இருபத்து நான்கு கி.மீ. போலத்தான், மலைப்பாதையில் அறுபதுக்கு மேல் ஆகிவிடுகிறது. எத்தனை வளைவுகள் இருந்தாலும் பழனி தன் இடத்திலேயே இருக்கும் என்பதால் அந்தக் கணக்கு நிற்கிறது. விண்மீன்கள் அப்படி இல்லை. கிளீஸ் 445 நொடிக்கு நூறு கி.மீ.க்கும் கூடுதலான வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அடுத்த 40,000 ஆண்டுகளில் வாயேஜர் கடக்கப் போவது 40,000ஐ 17,635ஆல் வகுத்தால் வருகிற இரண்டேகால் ஒளியாண்டு மட்டுமே. மிச்சத் தொலைவையெல்லாம் அந்த விண்மீனே நடந்து வந்து குறைக்கிறது. அப்போதும் இரண்டும் சந்தித்துக்கொள்ளப் போவதில்லை, இடையில் 1.6 ஒளியாண்டு இடைவெளி இருக்கும்.

இதே காரணத்தால் உங்கள் முதல் விடையான 75,000க்கும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். பிராக்சிமாவும் நொடிக்கு 22 கி.மீ. வேகத்தில் நம்மை நெருங்கி வருகிறது. வாயேஜர் போகும் வேகத்தைவிட அது அதிகம் என்பதை வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள். இன்னும் ஏறத்தாழ 27,000 ஆண்டுகளில் அது 3.1 ஒளியாண்டு வரை வந்துவிட்டுப் பிறகு விலகத் தொடங்கும். எனவே 75,000 என்பது அத்தனை தொலைவைக் கடக்கத் தேவைப்படும் காலம். பிராக்சிமாவைச் சென்றடையும் காலம் என்று எழுதக் கூடாது. வாயேஜர் அந்தத் திசையில் போகவும் இல்லை.

கோத்தகிரி ஆசிரியை

மிக்க நன்றி ஐயா. இன்று காலை 6,600ஐ அழித்துவிட்டு, ஏன் அழித்தேன் என்பதையும் சொன்னேன். "இறக்கத்து வேகம்" என்ற சொல்லை மாணவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். கல்லட்டி மலைப்பாதையில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும் வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனால் அடுத்த கேள்வியும் உடனே வந்துவிட்டது. சூரியக் குடும்பத்துக்குள்ளேயும் இந்த வகுத்தல் பொருந்தாதா? செவ்வாய் மிக அருகே வரும்போது ஐந்தரைக் கோடி கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. மங்கள்யான் ஏன் பத்து மாதம் எடுத்துக்கொண்டது?

கொடைக்கானல் வான்நோக்கி

இந்தக் கணக்கை ஒன்பதாம் வகுப்பிலேயே போட்டுக் காட்டலாம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. செவ்வாய்க்கு நேர்கோட்டில் யாரும் போவதில்லை, போகத் தேவையான எரிபொருளும் யாரிடமும் இல்லை. புவியை விட்டுப் புறப்படும் கலம், புவி சூரியனைச் சுற்றும் நொடிக்கு 30 கி.மீ. வேகத்தை ஏற்கெனவே தன்னோடு எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறது. அதன்மேல் கொஞ்சம் கூட்டினால் அதன் பாதை ஒரு நீள்வட்டமாக விரியும். அந்த நீள்வட்டத்தின் ஒரு முனை புவியின் பாதையையும் மறுமுனை செவ்வாயின் பாதையையும் தொடும்படி செய்வதே மிகச் சிக்கனமான வழி.

சூரியனிலிருந்து புவியின் தொலைவை 1 என்று வைத்தால், செவ்வாயின் தொலைவு 1.524. இரண்டின் சராசரி 1.262. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, இந்த எண்ணை மும்முறை பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1.42 வரும், அந்த நீள்வட்டத்தை முழுதாகச் சுற்ற ஆகும் ஆண்டுகள் அவை. நமக்கு வேண்டியது பாதிச் சுற்று: 0.71 ஆண்டு, அதாவது ஏறத்தாழ 259 நாட்கள். இதில் புவிக்கும் செவ்வாய்க்கும் இடையே உள்ள ஐந்தரைக் கோடி கி.மீ. எங்குமே வரவில்லை என்பதைப் பாருங்கள். மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று ஏவப்பட்டு, புவியைச் சுற்றியபடியே பாதையை உயர்த்தி, டிசம்பர் 1 அன்று புவியை விட்டுக் கிளம்பியது. 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. 298 நாட்கள். செவ்வாயின் பாதை நல்ல வட்டம் அன்று, புவியின் பாதைத் தளத்திலிருந்து சற்றுச் சாய்ந்தும் இருக்கிறது. ஆகவே நம் எளிய கணக்குக்கும் உண்மைக்கும் இந்த வேறுபாடு இருக்கும். போய்ச் சேர்ந்த அன்று செவ்வாய் நம்மிடமிருந்து 20 கோடி கி.மீ.க்கு மேல் விலகியிருந்தது, அங்கிருந்து செய்தி வர பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆனது.

நிலவும் அப்படியே. அப்பல்லோ 11 மூன்றே நாட்களில் நிலவின் சுற்றுப்பாதையை அடைந்தது. சந்திரயான் 3 புறப்பட்டது 2023 ஜூலை 14, தரையிறங்கியது ஆகஸ்ட் 23. தொலைவு ஒன்றே, ராக்கெட்டின் வலிமையும் எரிபொருளைச் செலவிட்ட விதமும் வேறு. எங்கள் ஊர்ச் சூரிய ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கிய கருவியைச் சுமந்து சென்ற ஆதித்யா எல்1, ஒளி ஐந்து நொடியில் கடக்கும் 15 லட்சம் கி.மீ.க்கு நான்கு மாதம் எடுத்துக்கொண்டது. தாமதம் என்று அதைச் சொல்ல முடியாது. போன இடத்தில் நிற்க வேண்டும் என்றால் மெதுவாகத்தான் போக வேண்டியிருக்கிறது. ஒன்பதரை ஆண்டில் புளூட்டோவை எட்டிய நியூ ஹொரைசன்ஸ் கலத்தால் அங்கே நிற்க முடியவில்லை. 2015 ஜூலை 14 அன்று அருகே பறந்து படமெடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

உதகை இயற்பியல் மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். இளநிலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இதுவரை பேசியவை எல்லாம் ஒரு முறை உந்திவிட்டுப் பிறகு மிதந்து செல்லும் கலங்களைப் பற்றியவை. என்ஜினை அணைக்காமலே போனால் என்ன ஆகும் என்று கணக்கிட்டேன். புவியில் நாம் உணரும் எடையே கலத்துக்குள்ளும் இருக்கும்படி, நொடிக்கு நொடி 9.8 மீட்டர் வேகம் கூடிக்கொண்டே போகட்டும். நொடிக்கு 2,99,792 கி.மீ. வேகத்தை எட்ட 354 நாட்கள் போதும். அதாவது ஓராண்டுக்குள் ஒளியின் வேகம் வந்துவிடும். இரண்டாம் ஆண்டின் முடிவில் அதைப்போல் இரு மடங்கு. வழியில் பாதித் தொலைவு வேகம் கூட்டி, மீதிப் பாதி வேகம் குறைத்தால் நான்கு ஆண்டுகளுக்குச் சற்றே மேல் பிராக்சிமாவில் இறங்கிவிடலாம் என்று வருகிறது. ஒளியை மிஞ்ச முடியாது என்று பாடத்தில் இருக்கிறது, ஆனால் என் கணக்கில் எந்த வரி தவறு என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், கோத்தகிரி

தம்பி, ஒளியை மிஞ்ச முடியாது என்பதை மனப்பாடமாக ஏற்றுக்கொள்ளாமல் கணக்குப் போட்டுப் பார்த்தது நல்ல பழக்கம். தவறான வரி இதுதான்: 9.8 மீட்டரை இரண்டாம் ஆண்டிலும் அப்படியே கூட்டியிருக்கிறீர்கள். கலத்துக்குள் இருப்பவருக்கு அந்த உந்தல் மாறாது. ஆனால் புவியிலிருந்து பார்ப்பவருக்கு, கலம் ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க ஒவ்வொரு நொடியும் கூடும் வேகம் சுருங்கிக்கொண்டே வரும். ஐன்ஸ்டைனின் சார்பியல்படி வேகங்களை நேராகக் கூட்டக் கூடாது.

சரியான விடைக்கு வழி சொல்கிறேன். தொலைவை ஒளியாண்டில் எடுத்து 0.515ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள். அந்த எண்ணின் வர்க்கத்திலிருந்து 1 கழித்து வர்க்கமூலம் எடுத்து, அதை அந்த எண்ணோடு சேருங்கள். கிடைப்பதற்கு இயற்கை மடக்கை (ln) எடுத்து 1.94ஆல் பெருக்கினால், கலத்தில் இருப்பவரின் கடிகாரப்படி பயணக் காலம் ஆண்டுகளில் வரும். பிராக்சிமாவுக்கு: 3.18, அதனோடு 3.02 சேர்ந்து 6.2, அதன் மடக்கை 1.83, விடை 3.5 ஆண்டுகள். அதே பயணம் புவியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் கடிகாரத்தில் 5.9 ஆண்டுகள். நடுவழியில் எட்டும் உச்ச வேகம் ஒளியின் வேகத்தில் 95 விழுக்காடு. ஆக, "எத்தனை ஆண்டு" என்று கேட்டால் யாருடைய ஆண்டு என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இது காகிதக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஊரிலேயே கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில், மியூவான் என்ற, எலக்ட்ரானைப் போன்ற ஆனால் அதைவிடக் கனமான துகளைப் பதிவுசெய்யும் 560 சதுர மீட்டர் பரப்புள்ள உணர்கருவி இரவு பகலாக இயங்குகிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது, ஏறத்தாழ 15 கி.மீ. உயரத்தில் மியூவான்கள் பிறக்கின்றன. ஓய்வில் இருக்கும் மியூவானின் சராசரி ஆயுள் நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு, அதற்குள் ஒளியே 660 மீட்டர்தான் போக முடியும். பழைய கணக்குப்படி ஆயிரம் கோடி மியூவான்களில் ஒன்றோ இரண்டோ தரைக்கு வர வேண்டும். அவற்றின் கடிகாரம் இருபது மடங்கு மெதுவாக ஓடுகிறது என்று வைத்தால், வழியில் இழக்கும் ஆற்றலைக் கணக்கில் சேர்க்காமல், மூன்றில் ஒரு பங்கு பிழைத்து வந்துவிடும். நம் உள்ளங்கை அளவு இடத்தில் நிமிடத்துக்குப் பல மியூவான்கள் விழுகின்றன என்றால், அதற்கு இந்தக் கால நீட்டிப்புதான் காரணம். முதல் முறை இதைக் கணக்கிட்டுப் பார்த்த நாள் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அன்றிலிருந்து சார்பியல் எனக்குத் தொலைவான பொருளாகத் தோன்றவில்லை.

குன்னூர் ரயில்வே (ஓய்வு)

அம்மா, உங்கள் விளக்கம் புரிந்தது. ஆனால் மூன்றரை ஆண்டு என்ற எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்வதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. நீராவி என்ஜின் தனக்கு வேண்டிய எரிபொருளையும் தண்ணீரையும் தானே சுமந்துகொண்டு ஏறுகிறது. சுமக்கும் பாரம் கூடக்கூட, அதைச் சுமப்பதற்கே இன்னும் எரிபொருள் வேண்டும். அதனால்தான் ஹில்குரோவ் போன்ற இடங்களில் நிறுத்தித் தண்ணீர் பிடிக்கிறோம். பிராக்சிமா போகும் வழியில் ஹில்குரோவ் இல்லை. மூன்றரை ஆண்டு என்ஜினை அணைக்காமல் ஓட்ட எவ்வளவு சுமக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் காலத்தை மட்டும் சொன்னால், அது பயண நேரம் ஆகாது என்றே கருதுகிறேன்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், கோத்தகிரி

உங்கள் தயக்கம் நியாயமானது, ஐயா. எரிபொருள் கணக்கையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். எரிபொருள் முழுவதையும் ஒளியாகவே மாற்றிப் பின்னால் வீசும் என்ஜின் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இயற்பியல் விதிகள் அனுமதிக்கும் மிகச் சிறந்த என்ஜின் அது, யாரிடமும் இல்லை. அதற்கே, பிராக்சிமாவில் நிற்க வைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் புறப்படும்போது 38 கிலோவுக்கு மேல் வேண்டும். இன்றைய ஹைட்ரஜன் ராக்கெட்டுகள் வீசும் வாயுவின் வேகம் நொடிக்கு நாலரை கி.மீ. அளவுதான், அதைக் கொண்டு இந்தப் பயணத்தை நினைத்தே பார்க்க முடியாது.

ஆனால் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. கொடைக்கானல் நண்பர் தெற்கு வானில் ஆல்பா, பீட்டா சென்டாரி என்ற இரட்டை வழிகாட்டிகளை அடிக்கடி பார்த்திருப்பார். நம் கண்ணுக்கு அவை அக்கம் பக்கம். ஆல்பா 4.37 ஒளியாண்டு, பீட்டா ஏறத்தாழ 390 ஒளியாண்டு. அதே உந்தலில் ஆல்பாவுக்குப் போகிறவருக்கு 3.6 ஆண்டு கழியும் என்றால், தொண்ணூறு மடங்கு தொலைவிலுள்ள பீட்டாவுக்குப் போகிறவருக்குக் கழிவது 11.6 ஆண்டுகள் மட்டுமே. புவியில் 392 ஆண்டுகள் ஓடியிருக்கும், போய்ச் சேரும் ஒவ்வொரு கிலோவுக்கும் எரிபொருள் ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோ ஆகியிருக்கும். மூன்று எண்களையும் ஒன்றாக வைத்தே சொல்லலாம். தொலைவு பெருகினால் காலமும் அதே அளவில் பெருகும் என்ற நம் பழக்கத்தை இந்தக் கணக்கு உடைக்கிறது. அந்த வயதில் அதைக் கேட்கும் வாய்ப்பை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

கொடைக்கானல் வான்நோக்கி

விரிவுரையாளர் அம்மா சொன்ன இரு விண்மீன்களையும் மாணவர்கள் நேரில் பார்க்க வேண்டும். மே மாத நடுவில் இரவு பதினொரு மணி முதல் நள்ளிரவு வரை, தெற்கு மறைவில்லாமல் திறந்திருக்கும் இடத்தில் நின்றால், அடிவானத்துக்கு மேல் இருபது பாகைக்குக் கீழே இரண்டும் பளிச்சென்று நிற்கும். பீட்டாவுக்கு மேற்கே தென்சிலுவை. அந்த இரு விண்மீன்களில் பிரகாசமானது ஆல்பா. பிராக்சிமா அதன் அருகில்தான் இருக்கிறது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இங்கே கோக்கர்ஸ் நடைபாதையிலிருந்து நன்றாகத் தெரியும். உங்கள் பக்கம் தெற்கே சமவெளி தெரிகிற காட்சிமுனை எதுவானாலும் போதும்.

கோத்தகிரி ஆசிரியை

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். ரயில்வே ஐயா கேட்டுக்கொண்டபடி, பிராக்சிமாவுக்கான விடையை எரிபொருளோடு சேர்த்தே சொன்னேன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

பேருந்தில் கேள்வி கேட்ட மாணவி, வேகம் என்ற எண்ணையே பயன்படுத்தாமல் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டு வந்தாள். 1977 செப்டம்பர் 5 அன்று புறப்பட்ட வாயேஜர் 1, ஒளி ஒரே நாளில் கடக்கும் தொலைவை 2026 நவம்பரில் எட்டுகிறது என்று அவள் படித்திருக்கிறாள். அந்த ஒரு ஒளி நாளுக்கு 49 ஆண்டுகள். பிராக்சிமாவின் தொலைவு 4.24ஐ 365.25ஆல் பெருக்கினால் 1,549 ஒளி நாட்கள். 1,549ஐ 49ஆல் பெருக்கினால் 75,901. நான் போட்ட 75,000க்கு இவ்வளவு அருகில் வந்தது எனக்கே வியப்பாக இருந்தது.

விடைகள் ஏன் ஓராயிரம் ஆண்டு வேறுபடுகின்றன என்று கேட்டேன். அவள் சொன்னது: 49 ஆண்டுகளுக்குமான சராசரி வேகத்தைக் கணக்கிட்டால் நொடிக்கு 16.7 கி.மீ.தான் வருகிறது, நாம் எடுத்தது 17. 1979இல் வியாழனையும் 1980இல் சனியையும் நெருங்கி அவற்றின் ஈர்ப்பால் வேகம் பெறுவதற்கு முன், கலம் வளைந்த பாதையில் மெதுவாகத்தான் போயிருக்கிறது; குன்னூர் ஐயாவின் ரயில் பல்சக்கரப் பாதையில் போவதுபோல அந்த முதல் மூன்று ஆண்டுகளும் சராசரியைக் கீழே இழுத்துவிட்டன. அந்த மெதுவான தொடக்கம் ஒருமுறைதான் நடந்தது, இனி வரும் 1,548 ஒளி நாட்களிலும் அதைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லி, தன் 75,901ஐ அவளே அடித்துவிட்டாள்.